சூட்டில் மாறிய லக்னம்

லேப்டாப் சூடானால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும். அடிப்பக்கம் கொதிக்க ஆரம்பித்து, உள்ளே ஃபேன் இரையத் தொடங்கினால் முதலில் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். "மேடம், அது சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க?" என்பார்கள். இப்போதைய மெஷின்களுக்கு அந்த அறிவு இருக்கிறது. அப்போதைய மெஷின்களுக்கு இல்லை. அதை ஓட்டிய என் அண்ணனுக்கும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. மைசூரில் யாதவகிரியில் ஒரு வாடகை வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் பி.யு.சி. படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் அண்ணன் சொல்வதுதான். அவன் சொன்னால்தான் வெளியாட்களும் எங்கள் வீட்டுப் பேச்சென்று எடுத்துக்கொள்வார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் தலையெழுத்தே இதில்தான் மாட்டிக்கொண்டது.

அண்ணன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வான். நான் லட்சுமிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பெங்களூரில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து உபயோகித்த லேப்டாப் ஒன்று அவன் கைக்கு வந்தது. செங்கல் கனம். மைசூரில் லேப்டாப்பைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. கூடவே ஜாதகம் கணிக்கும் புரோகிராம் ஒன்றும் ஃபிளாப்பிகளில் வந்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் போதும், கட்டம் போட்டு, கிரகங்களை உட்கார வைத்து, தோஷம் இருக்கிறதா இல்லையா என்று கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்துக் கொடுக்கும். அண்ணன் தசரா எக்சிபிஷனில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தான். 'கம்ப்யூட்டர் ஜாதக' என்று கன்னடத்தில் பெரிய போர்டு மாட்டினான்.

கூட்டம் வந்தது. குண்டலுபேட்டையிலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும் பஸ் பிடித்து எக்சிபிஷன் பார்க்க வந்த குடும்பங்கள், கையில் அப்பளத்தோடு வரிசையில் நின்றார்கள். ஆனால் எதிர்வரிசையில் இன்னொருவன் அதே வேலையைச் சாதாரண கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தான். அவன் வரிசை எங்கள் வரிசையைவிட நீளம். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"நம்ம மெஷின் ஸ்லோ. அதான் ஜனங்க அங்க போறாங்க" என்றான்.

நான் ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். விவரத்தைத் தட்டியதும் கணக்கு முடிய இரண்டு மூன்று விநாடி. பிறகு திரையில் ஒன்பது கிரகங்கள் ஒரு பாட்டோடு சுற்றி வரும்; அது சும்மா வேடிக்கைக்கு. அதற்கப்புறம் கட்டம் திரையில் வரும், பொத்தானை அழுத்தினால்தான் பிரிண்டர். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அது. கர்ர் கர்ரென்று ஒவ்வொரு வரியாகக் கடித்து முடிக்க நாலைந்து நிமிஷம் பிடித்தது.

"அண்ணா, தாமதம் பிரிண்டர்ல. பிராசஸர்ல இல்ல. பிராசஸர் கணக்கை முடிச்சுட்டு சும்மாதான் உக்காந்திருக்கு" என்றேன்.

"பிராசஸர் ஃபாஸ்டா இருந்தா எல்லாமே ஃபாஸ்டுடீ. சும்னே தலை தின்னாதே."

எங்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒன்றாகத்தான் வெந்துகொண்டிருக்கும். சும்னே என்றால் சும்மா. என் பேச்சு அவனுக்கு எப்போதுமே சும்னேதான்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிரித்தான். திருகுகளைக் கழற்றிக் கீபோர்டைத் தூக்கினால் அடியில் அரிசிமணி அளவு வெள்ளைச் சுவிட்சுகள் ஒரு வரிசை. எது மேலே, எது கீழே என்பதை வைத்து பிராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது முடிவாகும். அந்த மெஷின் நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடச் செய்யப்பட்டது. பெங்களூர் நண்பன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி இரண்டு சுவிட்சுகளை நகத்தால் தள்ளி நூற்று முப்பத்துமூன்றுக்கு மாற்றினான். பத்து நிமிஷ வேலை. முகத்தில் அப்படி ஒரு பெருமை!

நான் விடவில்லை. "வேகத்தை ஏத்தினா சூடும் ஏறும். சூட்டை வாங்கற அந்தத் தகடும் இந்தக் குட்டி ஃபேனும் நூறுக்குன்னு கணக்குப் பண்ணி வெச்சது. அடியிலேர்ந்துதான் காத்தை இழுக்குது. சூடு மிஞ்சிடுச்சுன்னா கணக்கு தப்பாப் போகும்."

"தப்பாப் போனா ஹேங் ஆயிடும். ஹேங் ஆச்சுன்னா ரீஸ்டார்ட். அவ்ளோதான்."

இதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். மெஷின் ஒன்று சரியாக ஓடும், இல்லாவிட்டால் நின்றுபோகும் என்று. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. நிற்காது, முனகாது, திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. தப்பான விடையைச் சுத்தமாக அச்சடித்துக் கையில் கொடுக்கும். நான் பயிற்சி மையத்தில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். வீட்டில் என் பாடத்தை யார் கேட்டார்கள்?

வேகத்தை ஏற்றியதில் கண்ணுக்குத் தெரிந்து மாறியது ஒன்றே ஒன்று. கிரகங்கள் வேகமாகச் சுற்றின. பிரிண்டர் பழையபடி நாலைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. ஆனால் கிரகங்கள் விர்ரென்று சுற்றியதைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். குழந்தைகள் கை தட்டின. எதிர்க்கடை வரிசை கலைந்து எங்கள் பக்கம் வந்தது. 'மிஞ்சின வேகதல்லி ஜாதக', மின்னல் வேகத்தில் ஜாதகம் என்று அண்ணன் இன்னொரு போர்டு எழுதி மாட்டினான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

போதாக்குறைக்கு ஆயுத பூஜை வந்தது. அம்மா தன் பழைய பட்டுப்புடவையிலிருந்து ஒரு துண்டை நாலாக மடித்து, ஒரு மணைமேல் விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். காற்று இழுக்கும் ஓட்டைகள் அடியில் என்று சொன்னேனே, அவை பட்டுக்குள் புதைந்தன. மைசூர் மல்லிகையை நெருக்கமாகத் தொடுத்து மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பக்கவாட்டில் சூடு வெளியேறும் கம்பிவலை அதில் மூடிப்போனது. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். ஜாதகம் சொல்கிற மெஷின் அல்லவா, வீட்டு மிக்ஸிக்கு வைக்கிற பொட்டைவிடப் பெரிய பொட்டு.

"அம்மா, இதுக்கு மூச்சு முட்டும். பூஜை முடிஞ்சதும் எடுத்துடணும்" என்றேன்.

"அபசகுனமாப் பேசாதே. கடைக்கே ஒரு களை வந்திருக்கு பாரு. எக்சிபிஷன் முடியற வரைக்கும் பட்டை எடுக்கக் கூடாது. பூவை மட்டும் தினம் மாத்தலாம்."

அண்ணன் ஒரு படி மேலே போனான். இந்த அலங்காரத்தோடுதான் மெஷின் ஓட வேண்டும், ஜனங்களுக்குப் பக்தி வரும் என்றான். மேலே தகரக் கூரை, கீழே பட்டு, சுற்றிலும் மாலை. உள்ளே ஏற்றிவிட்ட வேகம். நான் அந்தப் பட்டை உருவி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அம்மா அழுவாள் என்று விட்டுவிட்டேன். என்மேலும் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இதற்கு ஒரு வாரம் முன்னால் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சரஸ்வதிபுரத்துக் குடும்பம், எங்களைப் போலவே அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். பையன் பெங்களூரில் வேலை. அதுவரை என்னைப் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் நான் என்ன பாடம் எடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். புரியவில்லை என்றார். மறுபடி சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். "கல்யாணத்துக்கு அப்புறமும் பாடம் எடுப்பீங்கதானே? பெங்களூர்ல நிறைய சென்டர் இருக்கு" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. அதைச் சொல்ல அன்றைக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

இரு வீட்டுக்கும் சம்மதம். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. என் ஜாதகம் நான் பிறந்தபோது ஒரு ஜோசியர் கையால் எழுதிய பழைய நோட்டில் இருந்தது. சிம்ம லக்னம், செவ்வாய் ஐந்தில். தோஷம் கிடையாது. பையனின் அப்பா அதை வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர்.

"கையால எழுதினது பாருங்க, மனுஷன்தானே, அசதியில ஒரு கட்டம் தள்ளிப் போட்டிருக்கலாம். உங்க பையனே கம்ப்யூட்டர் வெச்சிருக்கார். விஜயதசமி அன்னிக்கு நல்ல வேளையில அதுலயே எடுத்துடலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

அண்ணன் முகம் பூரித்துப்போனது.

விஜயதசமி காலை பதினோரு மணி. ஊர்வலம் பார்க்க ஊரே அரண்மனையைச் சுற்றிக் கூடியிருந்தது. கடையில் விடியற்காலையிலிருந்தே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அம்மாவும் கொஞ்சம் தள்ளி அப்பளக் கடை ஓரமாக நின்றோம். பையனின் அப்பா வரிசையைத் தாண்டி உள்ளே போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் என் பிறந்த தேதியைத் தட்டினான். கிரகங்கள் சுற்றின. பிரிண்டர் கர்ரென்றது. அவர் காகிதத்தைக் கிழித்து வாங்கினார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. அம்மா போய்ப் பேசிவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிதுன லக்னமாம். செவ்வாய் ஏழுலயாம். அவங்க பையன் ஜாதகம் சுத்தமாம். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டார்."

ஏழில் செவ்வாய் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புருஷனுக்கு ஆகாது என்பார்கள். எங்கள் மாதிரிக் குடும்பங்களில் ஒரு பெண்ணைத் தள்ளிவைக்க இதைவிடச் சுலபமான காரணம் வேண்டாம். அம்மா அழுதாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். வருத்தத்தில் போகிறான் என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அழுகை எனக்கு வரவில்லை. கோபம் வந்தது. இருபத்துநாலு வருஷம் சிம்மமாக இருந்த லக்னம் எப்படி மிதுனமாகும்? அடுத்த திங்கட்கிழமை எக்சிபிஷன் திறப்பது சாயங்காலம்தான். மெஷினும் பிரிண்டரும் காலையில் வீட்டில் இருந்தன. நான் மையத்துக்கு லீவு சொன்னேன். குளிர்ந்த மெஷினைத் திறந்து என் விவரத்தைத் தட்டினேன். சிம்மம். செவ்வாய் ஐந்தில். அச்செடுத்து வைத்தேன். பிறகு அதே பட்டை அடியில் மடித்து வைத்து, அதே மாலையைச் சுற்றி, ஒரு மணி நேரம் கணக்கு மேல் கணக்காக ஓட விட்டேன். கீபோர்டில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி இருந்தது. மறுபடி என் விவரத்தைத் தட்டினேன். கன்னி. இன்னொரு தடவை தட்டினேன். மிதுனம், செவ்வாய் ஏழில். இன்னொரு தடவை சிம்மம். ஒரே பெண், ஒரே நேரம், ஒரே ஊர். மெஷின் ஒரு தடவையும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்தேன்.

பட்டை உருவினேன், மாலையை அறுத்தேன், திருகைக் கழற்றிக் கீபோர்டைத் தூக்கி அந்த இரண்டு சுவிட்சுகளையும் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அப்புறம் மத்தியானம் வரை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் சிம்மம், சிம்மம், சிம்மம்.

அண்ணன் சாப்பிட வந்தான். காகிதங்களை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினேன். பார்த்தான். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"சுவிட்சை யார் தொடச் சொன்னா?"

"அண்ணா, இதப் பாரு. சூட்டுல லக்னமே மாறுது. அவங்க வீட்டுக்குப் போய் மெஷின் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"எக்சிபிஷன் முடியட்டும்."

"அதுக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கு!"

"இப்போ போய் என் மெஷின் தப்புன்னு சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். எதிர்க்கடைக்காரன் மைக் போட்டுச் சொல்லுவான். இதுவரைக்கும் எடுத்துட்டுப் போனவன் எல்லாம் காகிதத்தைத் தூக்கிட்டு வந்து நிப்பான். ஆயித்து, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு, விடு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கண்ணெதிரிலேயே கீபோர்டைத் தூக்கி, சுவிட்சுகளை மறுபடி தள்ளினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அறுந்த மாலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் பொழப்புடீ. உனக்கு வேற இடம் அமையாமலா போயிடும்?"

நானே போனேன். காகிதங்களை ஒரு உறையில் போட்டுக்கொண்டு சரஸ்வதிபுரத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். ஒரு பெண் தன் கல்யாணம் பேசத் தானே போவதா என்று அக்கம்பக்கம் பேசியிருக்கும், பேசட்டும். பையனின் அப்பா கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார், ஒவ்வொரு காகிதமாகப் பொறுமையாகப் பார்த்தார். வேகம், சூடு, சுவிட்சு எல்லாம் விளக்கினேன். பாதி புரிந்திருக்கும்.

"நீ சொல்றது பொய்னு நான் நினைக்கலம்மா. ஆனா பொண்ணே வந்து எனக்கு தோஷம் இல்லன்னு சொன்னா நான் வெளியில என்னன்னு சொல்றது? இதை எடுத்துக் கொடுத்தவர் உங்க அண்ணா. அவர் வரட்டும். மெஷின்ல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், எனக்கு அது போதும். தீபாவளி வரைக்கும் வேற இடம் பார்க்க மாட்டோம்."

எழுந்து வெளியே வந்தேன். பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்த அவர் கேட் வரை கூடவே வந்தார். "உங்க அண்ணாவை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க, ப்ளீஸ்" என்றார். அந்த ப்ளீஸைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வார்த்தை. என் வாழ்க்கை அண்ணன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தையில் இருந்தது. நான் என்னவெல்லாம் செய்யவில்லை? கெஞ்சினேன். அவன் காலையில் பல் விளக்கும்போது கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டாம், போன் பண்ணினால் போதும் என்றேன். கடைப் பெயரே எடுக்காதே, அன்றைக்கு ஒருதடவை மெஷின் சூடாகிவிட்டது என்று மட்டும் சொல் என்றேன். பதில் சொன்னால்தானே சண்டை போடலாம்? கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருப்பான். "நாளைக்குப் பாக்கலாம்" என்பான். மறுநாள் நான் எழுவதற்குள் கிளம்பியிருப்பான்.

தீபாவளி வந்தது, போனது. அண்ணன் வெடி வாங்கி வந்து தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து வெடித்தான். அதற்கடுத்த வாரம் அம்மா காய்கறி வாங்கப் போன இடத்தில் கேட்டுக்கொண்டு வந்தாள். சரஸ்வதிபுரத்துப் பையனுக்குப் பெங்களூரிலேயே நிச்சயம் ஆகிவிட்டதாம். அம்மா கூடையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

அன்று சாயங்காலம் மையத்திலிருந்து நேரே எக்சிபிஷனுக்குப் போனேன். கடை முன்னால் நல்ல கூட்டம். பட்டு, மாலை, பொட்டு எல்லாம் அப்படியே. நான் பக்கவாட்டுத் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அவருக்கு நிச்சயம் ஆயிடுச்சு" என்றேன்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "கேள்விப்பட்டேன்" என்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு விஜயதசமி அன்னிக்கு, திரையில மிதுனம்னு வந்துதே. உனக்குத் தெரியாதா என் லக்னம் சிம்மம்னு?"

அடுத்த காகிதத்தை எடுத்தான். நான் நகரவில்லை. வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

"தெரியும்" என்றான்.

"எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும். திரையில வந்ததும் பாத்துட்டேன். அவர் பக்கத்துல நின்னுட்டிருக்கார். பின்னாடி அவ்ளோ ஜனம். என்ன பண்ணச் சொல்றே? இருங்க சார், என் மெஷின் தப்புக் கணக்கு போட்டிருக்குன்னு அவர்கிட்ட சொல்லச் சொல்றியா?"

"ஆமா!"

நான் கத்தியது அடுத்த இரண்டு கடைக்குக் கேட்டிருக்கும். அதுவரை நான் அவனை முட்டாள் என்று நினைத்திருந்தேன். வேகப் பைத்தியம், பிடிவாதக்காரன், கோழை. எல்லாவற்றையும் மன்னித்திருப்பேனோ என்னவோ. இவன் தெரிந்தே அந்தப் பிரிண்டர் பொத்தானை அழுத்தியிருக்கிறான். கூடப் பிறந்தவள் என்று பார்க்காமல், தன் மெஷினுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று என்னைப் பலி கொடுத்துவிட்டான். எள்ளும் கொள்ளும் வெடித்தது என் முகத்தில்.

மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன். வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். இந்த மெஷின் தப்பு. சூட்டில் ஜாதகத்தை மாற்றிப் போடுகிறது. இதில் எடுத்த காகிதத்தை நம்பாதீர்கள். எதிர்க்கடையில்கூட எடுத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம்.

முன்னால் நின்ற பெரியவர் சிரித்தார். "கம்ப்யூட்டர் எல்லாதரூ தப்பு மாடுத்தாம்மா?" கம்ப்யூட்டர் எங்கேயாவது தப்பு பண்ணுமா என்கிறார். பின்னால் ஒருவன், "க்யூனல்லி நில்லி மேடம்" என்றான், நான் வரிசையைத் தாண்டி வந்துவிட்டேன் என்று நினைத்து. அண்ணன் எழுந்து கும்பிடு போட்டு, "நம்ம தங்கி, ஸ்வல்ப பேஜாரு" என்றான். தங்கைக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை என்று!

"தங்கைதான்!" என்றேன், கன்னடத்திலேயே. "இவன் கூடப் பிறந்த தங்கை. இந்த மெஷின் எனக்கு ஏழில் செவ்வாய் என்று அச்சடித்தது. என் கல்யாணம் நின்றுபோனது. போதுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வரிசையில் இரண்டாவதாக ஒரு அம்மா, பட்டுப் பாவாடை தாவணியில் பதினெட்டு வயசு மகளோடு நின்றிருந்தாள். நான் சொன்னதை அந்த அம்மாதான் கவனமாகக் கேட்டிருந்தாள், முகத்தில் தெரிந்தது. அப்பாடா, ஒருத்திக்காவது உறைத்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். தாய் அவள் கையைப் பிடித்து, தோஷக்காரியான என் நிழல் படாத மாதிரி அந்தப் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போய், மகள் பிறந்த நேரம் எழுதிய காகிதத்தை அண்ணனிடம் நீட்டினாள்.